வாய் திறந்த படங்கள்

பிப்ரவரி 3

கண்ணு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னைத் திட்டுகிறேன். உன் அண்ணன் மகன் நெட்டை, ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, என் டோக்கன் கூண்டின் பலகைமேல் வைத்து, "பாட்டி, இதுக்கும் ஒரு டோக்கன் போடு" என்றான். அவன் தங்கை வாயாடிக்குப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஏன் போயிற்று என்றால், மணி அடித்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லையாம். உன் அக்கா மகன் கணக்குப்புலி வழக்கம்போல நூற்றுக்கு நூறு, அதுவும் வாத்தியார் போட்ட கணக்கிலேயே தப்பைக் கண்டுபிடித்து. உன் மகள், நம் சிட்டு மட்டும் என்ன குறைச்சல்? அணை வைக்காமலே உட்கார்ந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த வயதில் நெட்டைகூடச் சாய்ந்து சாய்ந்துதான் விழுந்தான்.

இதையெல்லாம் ஸ்டாண்டில் சைக்கிள் விடுகிற எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ரயிலைப் பிடிக்கிற அவசரத்திலும் நின்று கேட்கிறார்கள். கேட்காமல் டோக்கன் கைக்கு வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது திட்டு. சிட்டுவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. வாய் திறந்த படம் எங்கே? நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? பாலைத் தவிர முதல் வாய் சாப்பாடு ஊட்டுகிறபோது, ஸ்பூன் பக்கத்தில் இருக்க, வாய் நன்றாகத் திறந்திருக்க, ஒரு படம். உன்னையும் அப்படித்தான் எடுத்தேன். பேரன் பேத்தி மூன்று பேரின் படமும் கூண்டுக்குள் மேல் வரிசையில் தொங்குகிறது. கோப்பை வாங்கியது, பரிசு வாங்கியது எல்லாம் அவரவர் படத்துக்குக் கீழேதான். மேலே அது இல்லாமல் கீழே எதையும் மாட்ட மாட்டேன்.

நாலாவது ஆணியை நானே கல்லால் அடித்துவிட்டேன். இங்கே சைக்கிள் விடுகிற பேங்க்காரர் தினமும் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆணிக்கு இன்னும் ஆள் வரலையா?" என்கிறார்.

நெட்டைக்கு ஊட்டிய குட்டி ஸ்பூனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வாழைப்பழத்தை மசித்துக் கொடு. ஒரு சொட்டுத் தேன் விட்டால் நக்கிக்கொண்டு வருவாள்.

போனிலும் பேசலாம்தான். ரயில் சத்தத்தில் நீ சொல்வதில் பாதிதான் காதில் விழுகிறது. அந்தப் பாதிக்கே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுது.

அம்மா


பிப்ரவரி 12

அம்மா,

ஸ்பூன் வந்தது. தேன் கொடுக்க மாட்டேன். ஒரு வயது ஆகிறவரைக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி ஒன்று அதில் இருக்குமாம், குழந்தையைப் படுக்கப் போட்டுவிடுமாம். உப்பும் சர்க்கரையும்கூட இப்போது வேண்டாமாம். நெட்டைக்குக் கொடுத்தேன், அவன் ஓடவில்லையா என்று நீ கேட்பாய். கேட்காதே.

ஆரம்பித்துவிட்டோம். வேகவைத்து மசித்த காரட், உருளைக்கிழங்கு. உள்ளே போனதைவிட நாடியில் வழிந்ததுதான் அதிகம். நாக்காலேயே வெளியே தள்ளிவிடுகிறாள். "வயிறு நிறையப் பால் இருக்கு, இது பழகுற காலம்தான், அவசரப்படாதீங்க. நிமிர்ந்து உட்கார வெச்சுக் கொடுங்க" என்கிறார் டாக்டர். எனக்குத்தான் அவசரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குத் திரும்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இல்லாத நேரம் இவள் எதையாவது சாப்பிட வேண்டாமா?

படம் இப்போதைக்கு இல்லை. ஸ்பூன் வரும்போது வாய் மூடியிருக்கிறது, வாய் திறக்கும்போது ஸ்பூன் இருப்பதில்லை. கொஞ்சம் பொறு.


பிப்ரவரி 20

கண்ணு,

பொறுக்கத்தான் செய்கிறேன். பேங்க்காரர்தான் பொறுக்கவில்லை. மருந்துக்கடைப் பெண்ணும் கேட்டுவிட்டாள். "எங்க சிட்டு மூணு வேளையும் சாப்பிடுறா, படம் தபால்ல வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ அனுப்பப் போகிறாய், நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதானே.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். டாக்டருக்குத் தெரிகிறது எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று பெற்று, மூன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறேன். நாக்கால் தள்ளுகிறாள் என்றால் நீ நாக்கு நுனியில் வைக்கிறாய். மடியில் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, இரண்டு கையையும் ஒரு கையால் பிடித்துக்கொள். அழத்தான் செய்வாள். அழ வாயைத் திறக்கும்போது உள்ளே விட்டுவிடு. ஒரு தடவை ருசி தெரிந்துவிட்டால் அப்புறம் அவளே கேட்பாள். நெட்டையையும் அப்படித்தான் எடுத்தோம். படத்தில் பார், சிரிக்கிற மாதிரியேதான் இருக்கும். யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையைக் காமிராவைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல். ஒர்க்‌ஷாப் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு எடுக்கட்டும், போன தடவை அனுப்பிய படத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் இருந்தது.

அம்மா


மார்ச் 2

அம்மா,

நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். கட்டைவிரல் பேச்சுக்குச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், "சரி, அத்தையோட ஆணிக்கு ஆள் அனுப்பிடலாம்" என்று காமிராவை எடுத்தார். சிட்டு அப்போதுதான் எழுந்து சிணுங்கிக்கொண்டிருந்தாள். நீ சொன்னபடி மடியில் சாய்த்துப் போட்டேன். நீ சொன்னபடி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அழ வாயைத் திறந்தாள். வாழைப்பழத்தை உள்ளே விட்டேன். அவர், "அப்படியே, அப்படியே" என்றார்.

அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. இருமல்கூட இல்லை. உதடு நிறம் மாறிவிட்டது. நான் அவள் கைகளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன் அம்மா. விட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர்தான் காமிராவைப் போட்டுவிட்டு, அவளைப் பிடுங்கிக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார். பழம் தரையில் வந்து விழுந்த பிறகுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் பார்த்து, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றையிலிருந்து ஸ்பூனைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். ஸ்பூன்கூட வேண்டாம், பக்கத்தில் குனிந்தாலே முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்கிறாள்.

காமிராவில் ஒரு படம் விழுந்திருக்கிறது. வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. ஸ்பூனும் பக்கத்தில் இருக்கிறது. உனக்கு வேண்டுமா?


மார்ச் 9

கண்ணு,

உன் கடிதத்தைக் கூண்டில் வைத்துப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்து வந்து டோக்கன் கேட்டார்கள், நானும் கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் மாறிப் போயிருக்கிறது. பேங்க்காரர் டோக்கனுக்கு மருந்துக்கடைப் பெண்ணின் கூடை வைத்த சைக்கிள், அவளுக்கு யாரோ ஒருத்தருடைய பழைய சைக்கிள். வரிசையாக நின்று சண்டை போட்டார்கள். சைக்கிள்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் என் டோக்கன் தப்பினதே இல்லை.

நெட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இந்த இடத்தில் எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும், தெரியட்டும்.

இப்போது மூச்சு சரியாக விடுகிறாளா? தூங்கும்போது பக்கத்தில் காதை வைத்துப் பார். நீ சாப்பிடுகிறாயா?

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டாண்டை உன் அண்ணன் பார்த்துக்கொள்வான். வேண்டாம் என்று எழுதினாலும் அந்தக் கடிதம் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

அம்மா


மார்ச் 26

அம்மா,

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து இவர் என்னோடு பேசவில்லை. "ஒரு வாரம்கூட உங்கம்மாவை வெச்சுக்க முடியலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான். நீயும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம்.

நீ பார்ப்பதால்தான் அவள் சாப்பிடவில்லை, ஊருக்குப் போ என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை. சாப்பாட்டு நேரம் வந்தாலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாய். நான் ஸ்பூனை எடுத்தால் நீ வாயைத் திறக்கிறாய். ஸ்பூன் அவளிடம் போகிறவரை உன் வாய் திறந்தே இருக்கிறது. அவள் ஸ்பூனைப் பார்க்கவில்லை அம்மா, உன்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "ஒரே ஒரு வாய், பாட்டிக்காக ஒரே ஒரு வாய்" என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு ஸ்பூனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிந்தும்விட்டேன். உன்மேல் பட வேண்டும் என்று எறியவில்லை.

புடவையில் காரட் கறை போயிற்றா?

அவள் பாலும் சரியாகக் குடிப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் கொடுத்தால் கொஞ்சம் குடிக்கிறாள். கடைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களின் பார்வையைச் சோதிக்கக் கோடு போட்ட அட்டையை அவள்தான் இப்போது காட்டிக்கொண்டிருப்பாள்.


ஏப்ரல் 18

கண்ணு,

கறை போய்விட்டது. அது ஒரு கறையா.

நீ பதில் எழுதுவாய் என்று பார்த்தேன், பிறகுதான் நினைவு வந்தது, பதில் எழுத வேண்டியவள் நான்தான். எழுத உட்கார்ந்தால் யோசனைதான் வருகிறது. ஸ்டாண்டில் கேட்ட யோசனைகளையெல்லாம் உனக்கு அனுப்பத்தான் சேர்த்தேன். அந்தச் சைக்கிள் குழப்பத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பேங்க்காரர் மகள் தன் பிள்ளைக்கு ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்தாளாம். மருந்துக்கடைப் பெண் பசி எடுக்க ஏதோ சொட்டு மருந்து என்றாள். பால்காரர், "கண்டுக்காம விட்ருங்க, பசிச்சா தின்னும்" என்கிறார், அவர் மாட்டைச் சொல்கிறாரா பிள்ளையைச் சொல்கிறாரா தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். என் யோசனை போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எடை பார்த்தீர்களா? உன் வீட்டில் தூக்கியபோது என் கைக்கு லேசாக இருந்தாள். அப்போது சொல்லவில்லை.

அம்மா


மே 6

அம்மா,

எடை பார்த்தோம். ஏறவில்லை. இறங்கியிருக்கிறது. நடுவில் ஒரு காய்ச்சல் வந்தது, அதோடு பாலையும் அறவே விட்டுவிட்டாள். நாக்கு உலர்ந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டிருக்கிறார்கள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. பாலை அதில்தான் விடுகிறோம். எப்படி விடுவது, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். இவர் என்னைவிட நன்றாகச் செய்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் அளவை இரண்டு முறை பார்க்கிறேன். தூக்கத்தில் அவள் குழாயை இழுத்துவிடாமல் இருக்கக் கைக்குச் சாக்ஸ் மாட்டுகிறோம். மறுபடியும் அவள் கையைத்தான் பிடிக்கிறேன்.

சாப்பாடு பழக்குவதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காமிரா உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அவளுக்குப் பிடிவாதம் இல்ல, பயம். இனி யாரும் ஊட்ட வேணாம். நீங்க எல்லாரும் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, அவ முன்னாடி கொஞ்சம் மிருதுவானதா வைங்க. தொடட்டும், பிசையட்டும், எறியட்டும். முக்கியமா, அவ வாயைப் பாக்காதீங்க" என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அவருக்கே தெரியாதாம்.

பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். வீட்டில் யாரோ இறந்துபோனது மாதிரி இருக்கிறது.

நீ வராதே அம்மா. கோபத்தில் எழுதவில்லை. உன்னால் பார்க்காமல் இருக்க முடியாது.


மே 14

கண்ணு,

வரவில்லை.

இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு என்ன செய்வது? கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறபோது என் வாய் தானாகத் திறந்திருக்கிறது. "என்னம்மா, கொட்டாவியா?" என்று கேட்டார் பேங்க்காரர். சிட்டுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்று வேளை சாப்பிடுகிறாள் என்று சொன்னது பொய், படம் தபாலில் வரவில்லை, மூக்கில் குழாய் போட்டிருக்கிறது என்று எல்லாம். ரயில் வந்து நின்று போய்விட்டது, அவர் போகவில்லை. "அடுத்த ரயில்ல போறேன்" என்று பலகைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அது நல்லதாக இருந்தது.

அன்று சாயங்காலம் மேல் வரிசைப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நெட்டை அழுகிறான். கண்ணோரம் ஈரம் தெரிகிறது. வாயாடியின் கை இரண்டும் படத்தில் இல்லை. யாரோ பிடித்திருக்கிறார்கள். அது என் கைதான், வளையல் ஓரம் விழுந்திருக்கிறது. கணக்குப்புலி மட்டும் நிஜமாகவே சிரிக்கிறான், அவன் எப்போதும் தின்னப் பிறந்தவன். அப்புறம் வீட்டுக்குப் போய் உன் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதவில்லை.

தினமும் எத்தனை பேர் இவற்றைப் பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிடுற பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நானும் ஆமாம் என்றேன்.

மறுபடி மாட்டிவிட்டேன். கழற்றி என்ன ஆகப்போகிறது, பிள்ளைகள் வந்து எங்கே என்று கேட்பார்கள்.

இப்போது எனக்குச் செய்ய என்ன இருக்கிறது என்று சொல். பழைய சேலையைக் கிழித்து மெத்தென்று கை உறை தைத்து அனுப்பட்டுமா? சாக்ஸ் வெயிலுக்கு வேர்க்கும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அம்மா


ஜூலை 1

அம்மா,

கை உறை நன்றாக இருக்கிறது. நாலு ஜோடி தைத்திருக்கிறாய், அவளுக்கு இரண்டு கைதான்.

உன்னிடம் சொல்ல நல்ல சேதி இருந்தால் எழுதலாம் என்று இருந்தேன். இல்லை. பதினோரு மாதம் முடியப்போகிறது, இன்னும் குழாய்தான். மற்ற பிள்ளைகள் இந்த வயதில் நாம் சாப்பிடுவதையே மசித்துச் சாப்பிடுமாம். பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒவ்வொருத்தர் கையிலும் பிஸ்கட். சிட்டுவின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்ன ஆச்சு குழந்தைக்கு?" என்பார்கள். என்ன சொல்வேன்? படம் எடுத்தோம் என்றா?

ஒன்றே ஒன்று நடந்தது. முந்தாநாள் வேகவைத்த காரட்டை அவள் தட்டில் வைத்துவிட்டு நாங்கள் எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பிசைந்தாள். பிசைந்த கையை இவர் பேண்ட்டில் துடைத்தாள். இவர் அசையவில்லை. மறுபடி பிசைந்தாள், மறுபடி துடைத்தாள். தொடையெல்லாம் காரட். அப்புறம் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தாள். மோந்து பார்த்தாளா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. நான் பார்க்காமல் இருந்தேன் அம்மா. இவர்தான் கண்ணோரமாகப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார். வாயில் வைக்கவில்லை. நேற்று காரட்டைத் தொடவே இல்லை.

டாக்டரம்மா கேட்டுவிட்டு, நல்லது என்றார். இதில் என்ன நல்லது என்று வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் அந்தப் பேண்ட்டை இன்னும் துவைக்கப் போடவில்லை.

அந்த ஒரு படத்தை அழித்துவிட்டோம். அதிலிருந்து காமிராவை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் அழுவாள் என்று இவர் சொல்கிறார். அவள் அழுவாளா, எங்களுக்குத்தான் தாங்கவில்லையா, எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்வதென்றே தெரியவில்லை அம்மா.


ஜூலை 9

கண்ணு,

எனக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி இத்தனை நாள் எழுதினேனே, அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதியதை ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, என் பழக்கம் உனக்குத் தெரியும். "எங்க சிட்டு காரட்டைக் கையால பிசைஞ்சு அப்பா பேண்ட்டுல பூசிட்டா" என்றேன். மருந்துக்கடைப் பெண், "சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். இல்லை, மோந்து பார்த்தாள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பால்காரர்தான், "பேண்ட்டாவது சாப்பிட்டுச்சே" என்றார். அவருக்கு அன்று டோக்கனைக் கடைசியாகத்தான் கொடுத்தேன். நெட்டையிடமும் சொன்னேன். "மோந்து பாத்ததுக்கெல்லாம் கோப்பை தருவாங்களா பாட்டி?" என்றான். தர வேண்டும் என்றேன்.

இங்கே ஓர் ஆணி காலியாக இருக்கிறது. மேலே வாய் திறந்த படத்தைத்தானே மாட்டுவாய் என்று கேட்காதே. அது நான் போட்ட சட்டம்தானே, நானே எடுத்துவிட்டேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். நேரில் வர மாட்டேன், எதிரில் உட்கார மாட்டேன். படத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியவா போகிறது?

ஸ்பூன் வேண்டாம். தட்டு வேண்டாம். முழித்திருக்கும்போது காமிராவைக் காட்ட வேண்டாம், தூங்கும்போது தூரத்தில் நின்று எடுக்கச் சொல். மாப்பிள்ளையின் கட்டைவிரல் விழுந்தாலும் பரவாயில்லை. பிளாஸ்திரியைத் தலையணைப் பக்கம் திருப்பி மறைக்காதே, குழாய் தெரியட்டும். வாய் மூடியிருக்கட்டும். கை உறையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு எடு, கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த வாரத் தபாலிலேயே ஒரு படம் அனுப்பு.

அம்மா